சிவில் கோர்ட்டில் மஞ்சள் காமாலை

நான் வேலை பார்த்த காலத்தில் கோயம்புத்தூர் சிவில் கோர்ட்டுகளுக்குத் தெரிந்த நோய் ஒன்றே ஒன்றுதான்: மஞ்சள் காமாலை. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் நீதிபதிகளுக்கும் வக்கீல்களுக்கும் வரும். கட்சிக்காரர்களுக்கு எப்போதும் காமாலைதான்.

வாய்தாவுக்கு வராதவர், மேல்முறையீட்டுக் கெடுவைத் தவறவிட்டவர், சம்மனை வாங்கி அரிசி டின்னில் போட்டுவிட்டு மறந்துபோனவர், யாராக இருந்தாலும் பிரமாணப் பத்திரத்தின் மூன்றாவது பாராவில் படுத்துவிடுவார். “நான் கடுமையான மஞ்சள் காமாலையால் பாதிக்கப்பட்டு, படுத்த படுக்கையாக நாட்டு வைத்தியம் செய்துகொண்டிருந்தபடியால் உரிய காலத்தில் கோர்ட்டில் ஆஜராக இயலாமற் போயிற்று.” இந்த வாக்கியத்தை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கமா தவறாமல் சொல்வேன்.

வக்கீல்கள் காமாலையைத் தேர்ந்தெடுத்ததில் அறிவு இருந்தது. நாட்டு வைத்தியம் என்பதால் டாக்டர் சர்டிபிகேட் வேண்டாம். எலும்பு முறிவு மாதிரித் தழும்பு வைக்காது. கெடு தாண்டி எவ்வளவு காலம் போயிருக்கிறதோ அவ்வளவு காலம் நீடிக்கும். மனு டைப் அடித்து முடிந்த அன்று குணமாகும். எதிர்த்தரப்பு வக்கீலும் வாயைத் திறக்கமாட்டார். போன வாரம் அவருடைய கட்சிக்காரருக்கும் அதேதான் வந்திருந்தது. ஒரு நீதிபதி என்னிடம், “வளாகத்துல கீழாநெல்லித் தோட்டம் போட்டாத் தீர்ப்பை விட வேகமா விக்கும்” என்று சொன்னதுண்டு. சொல்லிவிட்டு அந்த மனுவை அனுமதித்தார்.

நான் பி.எல். படித்துவிட்டு எழுத்தராகச் சேர்ந்தவள். வக்கீலாகியிருக்கலாமே என்று கேட்பவர்களிடம் பொய் சொல்லக் கூச்சம் என்பேன். அதுவும் பொய்தான், மாதச் சம்பளத்தின் மேல் எனக்கிருந்த பக்திதான் காரணம். தொண்ணூறுகளில் சிரஸ்தார் ஆனேன். சிரஸ்தார் என்றால் முன்சீப் கோர்ட் அலுவலகத்தின் தலைமை எழுத்தர். தாக்கலாகும் மனுக்களில் குற்றம் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவது தொழில். எனக்கு அது பிடித்திருந்தது.

அந்தப் பத்தாண்டின் நடுவில் சட்ட உதவிக்குப் புதுச் சட்டம் அமலுக்கு வந்தது. எங்கள் வளாகத்தில் அதன் முதல் பலன் ஒரு பெயர்ப்பலகை. ரெக்கார்டு ரூமை ஒட்டி, ஓடாத மின்விசிறிகளைப் போட்டுவைத்திருந்த அறையைப் பாதி ஒழித்து, ஒரு மேசையும் பெஞ்சும் போட்டு, வாசலில் ‘இலவச சட்ட உதவி’ என்று மாட்டினார்கள். மீதிப் பாதியில் மின்விசிறிகள் இருந்தன. மேலே ஒன்று கூட இல்லை. அந்த அறை கூடுதல் பொறுப்பாக என் தலையில் வந்து விழுந்தது.

காலையில் சிரஸ்தார் நாற்காலியில் உட்கார்ந்து மனுக்களைத் திருப்பி அனுப்புவேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சட்ட உதவி நாற்காலியில் உட்கார்ந்து, திருப்பி அனுப்ப முடியாத மாதிரி மனு எழுதுவது எப்படி என்று சொல்லிக்கொடுப்பேன். கோர்ட் ஊழியர் கட்சிக்காரருக்கு யோசனை சொல்லக் கூடாது என்று விதி. சட்ட உதவி கேட்டு வந்தவரை யோசனை சொல்லாமல் அனுப்பக் கூடாது என்றும் விதி. நாற்காலி மாறினால் விதி மாறும். அரசாங்கத்தை இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

ஏழைக்கு இலவச வக்கீல் வேண்டுமானால் அவர் ஏழைதான் என்று தாசில்தார் ஒப்புக்கொள்ள வேண்டும். தாசில்தார் ஒப்புக்கொள்ள ஆர்.ஐ. ஒப்புக்கொள்ள வேண்டும், அதற்கு முன்னால் வி.ஏ.ஓ. இதற்காக வேலைக்குப் போகாமல் அலைந்தால், சான்றிதழ் கைக்கு வரும்போது அதில் எழுதியிருப்பது உண்மையாகியிருக்கும். பெண்களுக்கு இந்தச் சான்று தேவையே இல்லை என்று அதே சட்டம் சொல்லியிருந்தது. ஆனால் சட்டம் அதை ஆங்கிலத்தில் சொன்னது, மெதுவாகச் சொன்னது, வி.ஏ.ஓ.க்களின் காதில் விழவில்லை.

ஒரு மதியம் இட்லிக்கடைக்கார அம்மாள் ஒருவர் வந்தபோது கையில் ரேஷன் கார்டு, வி.ஏ.ஓ. பாதி நிரப்பிய படிவம், புருஷனின் இறப்புச் சான்று என்று ஒரு மஞ்சள் பை நிறைய ஏழ்மை வைத்திருந்தார்.

“ஏனுங்க்கா, ஏழைக்கு வக்கீல் குடுக்கறது இங்கீங்களா?”

“இங்கதான். உக்காருங்க.”

“சர்டிபிகேட் இன்னும் ஆகலீங்க. அந்த ஆபீசரு நாளைக்கு வா, நாளைக்கு வான்னே ஓட்டிப்போட்டாருங்க.”

“பொம்பளைங்களுக்கு அது வேண்டியதே இல்லைங்க.”

“வேண்டீதில்லீங்களா?” அவர் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். “அப்பறம் எதுக்குங்க்கா இத்தன நாளாக் கடையைச் சாத்திப்போட்டு அலைஞ்சேன்?”

அந்தக் கேள்விக்கான பிரிவு சட்டத்தில் இல்லை. என்ன விஷயம் என்று கேட்டேன்.

துடியலூர்ப் பக்கம் லேத் பட்டறைகள் நிறைந்த ஒரு சந்தில் அவருக்கு இட்லிக்கடை. கடை என்பது அவர் குடியிருந்த லைன் வீட்டின் முன்னறை. ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை ஒற்றை அறைகள், அதில் கடைசி அவருடையது. புருஷன் பட்டறையில் கடைசல் வேலை பார்த்தவர். அவர் இறந்த பிறகு பட்டறை ஆட்களுக்குக் காலையில் இட்லி ஊற்றிக் கொடுத்துத்தான் பிழைப்பு. லைன் வீட்டு ஓனர், தோட்டத்தை சைட் போட்டு விற்றுப் பெரிய ஆளானவர். லைனை இடித்துவிட்டு காம்ப்ளக்ஸ் கட்டும் யோசனையில் இருந்தார். மற்றவர்கள் காலி செய்துவிட்டார்கள். இந்த அம்மாள் மட்டும் நகரவில்லை. நகர்ந்தால் வேறு அறை கிடைக்கும். இட்லி தின்னும் பட்டறையும் கூடவே நகராது.

ஓனர் வழக்குப் போட்டு, இவர் கோர்ட்டுக்கே வராமல், எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டது. அதாவது, எதிர்த்தரப்பு வராததால் கேட்டவர் கேட்டபடி தீர்ப்பு. இப்போது அமீனா வந்து, அடுத்த மாதம் சாமான்களை வெளியே எடுத்து வைத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கோர்ட் காகிதங்களை வீடு தேடிக் கொண்டுபோகும் ஊழியருக்கு ஊர் வைத்த பெயர் அமீனா. அரசாணையில் வேறு பெயர் இருக்கிறது. அது அவருக்கே தெரியாது.

“முதல்ல சம்மன் வந்துச்சுங்களா?” என்றேன்.

“வந்துச்சுங்க. அதே அமீனாதான் கொண்டாந்தாருங்க. ஓனரோட வண்டியில பின்னால உக்காந்து வந்தாரு. வெள்ளிக்கெழமைங்க்கா, வெளக்கு வெக்கற நேரம். அந்த நேரத்துல கோர்ட்டுக் காயிதத்தைக் கைநீட்டி வாங்குவாங்களா? நாளைக்கு வாங்க, வாங்கிக்கிறேன், இப்ப ஒரு காப்பி குடிச்சுப்போட்டுப் போங்கன்னு சொன்னேன்.”

“குடிச்சாரா?”

“குடிச்சாருங்க. சக்கரை போதுலீன்னு கேட்டு வாங்கிக் குடிச்சாருங்க. அப்பறம் வரவே இல்ல.”

காபியைக் குடித்துவிட்டு அமீனா கோர்ட்டுக்குத் திரும்பி, ‘வாங்க மறுத்துவிட்டார்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை அந்திக்கு சிவில் நடைமுறைச் சட்டத்தில் இடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைக்கு இருக்கிறது, வெள்ளைக்காரன் சர்ச்சுக்குப் போவான்.

எங்கள் சட்ட உதவிக் குழுவில் இருந்த வக்கீல் ஒருவரை வரச்சொன்னேன். நல்லவர், சுறுசுறுப்பானவர். சட்ட உதவி வழக்குக்கு அரசு கொடுத்த பீஸ் டைப் அடிக்கும் கூலிக்கே போதாது என்பதால் புதிதாக எதையும் டைப் அடிக்கமாட்டார். பழைய மனுவில் பெயரை மாற்றுவார். அன்றைக்கும் அவர் கண் கடிகாரத்தில்தான் இருந்தது.

“சம்மன் வேண்டாம்னு சொல்லிட்டீங்களாம்மா?”

“வேண்டாம்னு சொல்லலீங்க தம்பி. நாளைக்கு வாங்கன்னு சொன்னேன்.”

“சட்டத்துல ரெண்டும் ஒண்ணுதான்.”

“எப்படீங்க ஒண்ணாகும்? விருந்துக்கு வந்த ஒறம்பரைய நாளைக்கு வாங்கன்னு சொன்னா, ஊட்டுப் பக்கமே வராதீங்கன்னு அர்த்தமுங்களா?”

“கோர்ட்டு ஒறம்பரை இல்லம்மா.”

“அது தெரியுதுங்க. ஒறம்பரைன்னா காப்பி குடிச்சுப்போட்டு இப்படிப் பண்ணுவாங்களா? தம்பி, இன்னொண்ணுங்க, அந்த ஓனரு ரிப்பேருன்னு சொல்லி ஊட்டுக் கதவையே கழட்டிக்கிட்டுப் போயிட்டாருங்க. மாசக்கணக்கா சேலையக் கட்டித் தொங்கவிட்டிருக்கறேன். நாயெல்லாம்...”

“அது வேற கேஸும்மா. எல்லாம் நான் பாத்துக்கறேன். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க.”

அம்மாள் என்னைப் பார்த்தார். பிறகு எழுத்துக் கூட்டிப் போட்டார்.

மனு தாக்கலாயிற்று. விசாரணை முடியும்வரை வீட்டைத் தொடக் கூடாது என்று நீதிபதி இடைக்காலத் தடை கொடுத்தார். மனுவின் நகல் விதிப்படி ஓனருக்குப் போயிற்று. சட்டத்தைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

அதற்குப் பிறகு ஒரு நாள், சாப்பாட்டு இடைவேளை முடிவதற்கு முன்னாலேயே சட்ட உதவி அறையின் மேசை மேல் ஒரு பெரிய அலுமினியப் போசி வந்து உட்கார்ந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே இட்லி. ஒன்றுகூடக் குறையாத இட்லி.

“எண்ணிப் பாருங்க்கா. காலைல ஊத்துனது. ஒருத்தன் தொடல.”

“ஏன்?”

“எனக்குக் காமாலையாமா!” அவர் குரல் ரெக்கார்டு ரூமைத் தாண்டிப் போனது. “படுத்த படுக்கையாமா! நாட்டு வைத்தியமாமா! கோர்ட்டுலயே நானே எழுதிக் குடுத்திருக்கறனாமா! அந்த ஓனரு காயிதத்தை பேக்கரி வாசல்ல நின்னு பட்டறைப் பசங்களுக்குப் படிச்சுக் காட்டியிருக்கறாரு. ‘நம்ம இட்லிக்கார அம்மிணிக்குக் கடுமையான காமாலையப்பா, பாத்துச் சாப்புடுங்க’ன்னு. அந்தப் பசங்க என்ன பண்ணுவாங்க பாவம், கல்யாணம் ஆகாதவனெல்லாம் இருக்கறான். என்ற கடையைத் தாண்டித்தான் போறானுக, மூக்கைப் பொத்திக்கிட்டுப் போறானுக. காமாலைக்கு நாத்தம் எங்கிருந்துங்க்கா வரும்?”

வக்கீலை ஆளனுப்பி வரவழைத்தேன். அவர் கதவருகே நின்றபடியே நிலைமையைப் புரிந்துகொண்டார். மேசைக்கு இந்தப் பக்கமாக, போசிக்குத் தள்ளி நின்றார்.

“தம்பி, எனக்குக் காமாலை வந்துச்சுன்னு உங்ககிட்ட நான் சொன்னனா?”

“எல்லாருக்கும் போடறதுதாம்மா.”

“எல்லாரும் இட்லியா விக்கறாங்க?”

வக்கீல் போசியைப் பார்த்தார். இத்தனை வருடத் தொழிலில், ஒரு கட்சிக்காரர் கோர்ட்டுக்கு வெளியேயும் உயிர் வாழ்கிறார் என்பதை அவர் முதல் முறையாக யோசிப்பது போலத் தெரிந்தது.

“அந்தக் காமாலையை வாபஸ் வாங்கிப்போடுங்க,” என்றார் அம்மாள்.

“வாங்கினா மனு நிக்காதும்மா. வீடு போயிடும்.”

“காமாலையோட ஊட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு என்னங்க தம்பி பண்றது? இட்லி போனா வாடகை எதுல குடுப்பேன்? அப்பவும் ஊடு போயிரும். பொய் சொன்னாலும் போகுது, சொல்லாட்டியும் போகுது. அப்பறம் எதுக்குங்க சீக்கு?”

இதைவிடச் சுருக்கமான வாதத்தை நான் எந்த சீனியர் வக்கீலிடமும் கேட்டதில்லை. பசியும் இருந்தது. போசியிலிருந்து இரண்டு எடுத்துச் சாப்பிட்டேன். பூப்போல இருந்தது. எங்கள் கேண்டீன் இட்லியைக் காமாலை இல்லாதவர்தான் செய்தார், சாப்பிட்டவருக்கு வரும். அம்மாள் நான் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீலும் பார்த்தார், பிறகு ஒன்றை எடுத்துக்கொண்டார். அவர் கை கொஞ்சம் தயங்கியதை நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

சாப்பிடும்போதுதான் கதவு நினைவுக்கு வந்தது. சம்மன் வந்தபோதே கதவு கழற்றியிருந்ததா என்று கேட்டேன், ஆமாங்க என்றார் அம்மாள்.

சம்மனை வாங்க மறுத்தால் அமீனா சும்மா திரும்பிவிடக் கூடாது. அதை வீட்டின் தெருக்கதவிலோ, கண்ணில் படும் வேறு இடத்திலோ ஒட்டிவிட்டு, யார் முன்னால் ஒட்டினார் என்றும் எழுத வேண்டும். ஒட்டினால்தான் சம்மன் சேர்ந்ததாகக் கணக்கு. ஒட்டவில்லை என்றால் சேரவில்லை. சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால், எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை நீக்கக் கேட்கும் கெடு தீர்ப்பு வந்த நாளிலிருந்து ஓடாது. தீர்ப்பு வந்தது தெரிந்த நாளிலிருந்துதான் ஓடும். இந்த அம்மாளுக்குத் தெரிந்தது அமீனா இரண்டாம் முறை வந்தபோது. கெடு இன்னும் மிச்சம் இருந்தது. தாமதமே இல்லாத இடத்தில் காமாலை எதற்கு?

அமீனா கேண்டீனில் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வழக்குப் போட்டவரே அமீனாவை வண்டியில் ஏற்றிப்போய் வீட்டைக் காட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அமீனாவுக்கு வழி தெரிய வேண்டுமே. திரும்பும் வழியில் நல்ல ஓட்டல் இருந்தால் அதுவும் தெரியவரும். நான் அவர் எதிரில் உட்கார்ந்து, துடியலூர் லைன் வீட்டுச் சம்மனைப் பற்றிச் சாதாரணமாகக் கேட்டேன்.

“அம்மிணி வாங்கலீங்க மேடம். முறைப்படி கதவுல ஒட்டிப்போட்டுத்தான் வந்தேன். ஓனரு பக்கத்துலயே நின்னாருங்க.”

“கதவுலயா ஒட்டுனீங்க?”

“பின்ன, மரத்துலயா ஒட்டுவேன்?”

மரத்தில் ஒட்டியிருந்தால் தப்பித்திருப்பார். நான் அவருக்கு ஒரு டீ சொல்லிவிட்டு எழுந்துவந்தேன்.

வக்கீலிடம் சொன்னதும் அவர் உட்கார்ந்துவிட்டார். “உண்மையை மட்டும் வச்சு ஒரு அபிடவிட்டா? எனக்குப் பழக்கமில்லீங்களே மேடம்.”

“முயற்சி பண்ணிப் பாருங்க. பிடிக்கலைன்னா விட்டுரலாம்.”

பழைய மனுவை வாபஸ் வாங்கவும் புதிதாக ஒன்று போடவும் அனுமதி கேட்டு அவர் எழுந்து நின்றபோது நீதிபதி கண்ணாடிக்கு மேலே பார்த்தார். “என்ன, உங்க கட்சிக்காரருக்குக் குணமாயிடுச்சா?”

“வரவே இல்லீங்க ஐயா,” என்றார் வக்கீல். கோர்ட்டே சிரித்தது. கூடவே சிரித்த எதிர்த்தரப்பு வக்கீலுக்கு, ஆட்சேபிக்காமல் சிரித்தது தவறு என்பது விசாரணையன்றுதான் தெரிந்தது.

விசாரணைக்கு ஓனர் சலவை வேட்டி சட்டையில் வந்தார். அம்மாள் பட்டறை ஆட்கள் இரண்டு பேரைச் சாட்சிக்கு அழைத்து வந்திருந்தார், வீட்டில் கதவு இல்லை என்று சொல்ல. அவர்கள் சாட்சி சொல்ல வந்தார்களே தவிர, பஸ்ஸில் அம்மாளுக்குப் பக்கத்து சீட்டில் உட்காரவில்லை. கோர்ட் வராந்தாவிலும் தூரமாகத்தான் நின்றார்கள். அம்மாளின் இடுப்பில் அன்றைக்கும் போசி இருந்தது. கோர்ட் வாசலில் நிற்கும் சேவகரான டவாலி அதை உள்ளே கொண்டுவரக் கூடாது என்றார். கோர்ட்டுக்குள் சோறு கொண்டுவரக் கூடாது என்று எந்த விதியில் இருக்கிறது என்று நான் கேட்டேன். போசி உள்ளே வந்தது.

கூண்டில் ஏறிய ஓனரிடம் எங்கள் வக்கீல் மெதுவாக ஆரம்பித்தார்.

“அமீனா சம்மனை ஒட்டுனதை நீங்க பாத்தீங்களா?”

“என்ற கண்ணு முன்னாடிதானுங்க ஒட்டுனாரு.”

“எதுல ஒட்டுனாரு?”

“கதவுலைங்க.”

“அந்தக் கதவு இப்ப எங்க இருக்கு?”

ஓனர் தன் வக்கீலைப் பார்த்தார். அவர் மின்விசிறியைப் பார்த்தார். “ரிப்பேருக்குக் கழட்டியிருக்குதுங்க.”

“எப்பக் கழட்டுனீங்க?”

“அது... கொஞ்ச நாள் ஆச்சுங்க.”

பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல், கோபம் முழுவதையும் மரியாதையில் தோய்த்தெடுத்துக்கொண்டு வந்தது. “மாரியாத்தா நோம்பிக்கு முன்னாலயே கழட்டுனீங்களேண்ணா, மறந்துபோச்சுங்களா? அமீனா வந்தது நோம்பி முடிஞ்சதுக்கு அப்பறமுங்க. கதவு உங்க மாட்டுச் சாளையிலதானுங்கண்ணா சாத்தி வெச்சிருக்கறீங்க!”

“சைலன்ஸ்!” என்றார் டவாலி.

“சரீங்க,” என்றார் அம்மாள், சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டு.

நீதிபதி பேனாவை வைத்துவிட்டு ஓனர் பக்கம் திரும்பினார். “அவங்க சொல்றது சரியா? சம்மன் வந்தப்பக் கதவு வீட்டுல இருந்துச்சா, உங்க மாட்டுக் கொட்டாயில இருந்துச்சா?”

“கதவு இல்லாட்டி நெலைக்காலுல ஒட்டியிருப்பாருங்க.”

“கண்ணு முன்னாடி கதவுல ஒட்டுனாருன்னு இப்பத்தான சொன்னீங்க?”

ஓனர் கூண்டை விட்டு இறங்கினார். அமீனாவைக் கூண்டில் ஏற்றிக் கேட்டபோது, “வழக்கமா கதவுலதானுங்க ஒட்டறது” என்று ஆரம்பித்தார். “வழக்கத்தை நான் கேக்கல” என்றார் நீதிபதி. பட்டறை ஆட்களைக் கூண்டில் ஏற்றவே வேண்டியிருக்கவில்லை. வீட்டைக் காலி செய்ய வைக்கக் கதவைக் கழற்றுவது எங்கள் ஊர் ஓனர்களின் பழைய வித்தை. அந்த வித்தைக்குப் பிறகு அதே கதவில் சம்மன் ஒட்ட முடியாது என்பதை இவர் ஒருவர்தான் யோசிக்காமல் போனார்.

எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு நீக்கப்பட்டது. வழக்கு மறுபடி முதலிலிருந்து. அதுவரை அம்மாள் வீட்டில் இருக்கலாம். நீதிபதி உத்தரவைச் சொல்லி முடித்ததும் அம்மாள் மறுபடி எழுந்தார்.

“சாமி, அதுலயே ஒரு வரி, எனக்குக் காமாலை இல்லீன்னு எழுதிப்போடுங்க.”

நீதிபதிக்கு முகம் இளகியது. ஆனாலும் விதி விதிதான். “அம்மா, உங்க உடம்பு இந்த வழக்குல தீர்க்க வேண்டிய கேள்வி இல்ல. கோர்ட்டு அதைப் பத்தி எழுத முடியாது.”

“நோவுன்னு எழுதறப்ப எழுத முடிஞ்சுதுங்களே,” என்றார் அம்மாள். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

வராந்தாவுக்கு வந்தபோது அவர் முகத்தில் ஜெயித்த களை இல்லை. வீடு நின்றது, ஆனால் போசி அப்படியே கனத்தது. பட்டறை ஆட்கள் இரண்டு பேரும் தூணருகே நின்று, “அப்பறம் பாக்கலாமுங்க்கா” என்று கிளம்பப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து ஓனர் எங்களைக் கடந்து படியிறங்க வந்தார்.

எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. வெட்டிக்கொள்ள வந்தவனையும் வாங்க என்று கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் மற்றது. அப்படிக் கூப்பிட்டவர் கையால் ஒரு வாய்கூட வாங்காமல் போனால், ஏழு தலைமுறைக்குப் பேசுவார்கள். கோர்ட்டில் எவ்வளவு பொய் சொன்னாலும் இந்த முறையை மீறும் துணிச்சல் எங்கள் ஆட்களுக்கு வராது. அம்மாள் அந்த ஒரு சட்டத்தை நன்றாகப் படித்திருந்தார். படிக்கு நடுவில் போய் நின்றார்.

“அண்ணா, வாங்க. காலைல வெறும் வவுத்தோட வந்திருப்பீங்க. ரெண்டு இட்லி சாப்புட்டுப் போங்க.”

“இல்ல அம்மிணி, ஊட்டுக்குப் போயி...”

“ஊட்டுக்குப் போகப் பொழுதாயிருமுங்க. கேஸு கேஸா இருந்துட்டுப் போவுது. அதுக்காகப் பசியோட போவாங்களா? கையைக் கழுவுங்க.” சொல்லிக்கொண்டே ஒரு இலைத் துண்டை எடுத்து விரித்தார்.

ஓனர் சுற்றிலும் பார்த்தார். வாய்தாவுக்குக் காத்திருந்த பாதி வராந்தா இவரையே பார்த்துக்கொண்டிருந்தது. கிளம்பவிருந்த பட்டறை ஆட்கள் நின்றுவிட்டார்கள். அவர்களில் மூத்தவர், “சாப்புடுங்கண்ணா. காமாலைக்காரி கை இட்லின்னு பயமுங்களா? அந்தச் சேதிய எங்களுக்குச் சொன்னதே நீங்கதானுங்களே” என்றார்.

“ச்சே, ச்சே. நான் காயிதத்துல இருந்ததைப் படிச்சனப்பா. அவ்வளவுதான்.”

“அப்ப நம்பலீங்களா?”

“நான் எதுக்கு நம்பறேன்?”

“அப்பச் சாப்புடுங்க,” என்றார் மூத்தவர்.

அவர் மறுத்தால், ஊர் வாயில் விழுவார். மறுக்காவிட்டால், தான் பரப்பியதைத் தானே தின்று முடித்தவராவார். கோர்ட்டில் அவருக்கு வக்கீல் இருந்தார். இங்கே இல்லை, அவர் அடுத்த வழக்குக்கு உள்ளே போய்விட்டார். ஓனர் குழாயில் கையைக் கழுவிவிட்டு வந்து, ஒரு துண்டு பிட்டு வாயில் வைத்தார். விழுங்க நேரமாயிற்று.

“சட்னி போடட்டுங்களாண்ணா?”

“போடு.”

இரண்டு முடிந்ததும் அம்மாள் கேட்காமலே மூன்றாவதை வைத்தார். “போதும் அம்மிணி.” “எப்படீங்கண்ணா போதும், உங்க ஒடம்புக்கு?” மூன்றாவதையும் சாப்பிட்டார். இது தண்டனையா விருந்தா என்று அவருக்கே குழப்பமாக இருந்திருக்கும். மூன்றாவதை அவர் ஆசையாகவே சாப்பிட்டார் என்று நினைக்கிறேன். இட்லி அப்படிப்பட்டது.

ஓனர் கையைக் கழுவிக்கொண்டு போனார். மூத்தவர் அருகில் வந்து, வேறெங்கோ பார்த்தபடி கையை நீட்டினார்.

“எனக்கு ரெண்டு வெய்யுங்க்கா.”

“இப்பப் பசிக்குதாக்கும்?” என்றார் அம்மாள். ஆனால் வைத்தார். போசி அங்கேயே காலியாயிற்று. கடைசி இட்லியை டவாலி சாப்பிட்டார்.

பிறகு ஒரு வாரத்துக்குள் கதவு திரும்பி வந்தது. ஓனரின் வக்கீல்தான் மாட்டச் சொன்னாராம். அடுத்த தடவை ஒட்டுவதற்கு ஒரு கதவு வேண்டுமே. எங்கள் வக்கீலும் திருந்தினார், தனக்குத் தெரிந்த வகையில். அதற்குப் பிறகு எந்தக் கட்சிக்காரர் வந்தாலும், “சமையல் தொழிலாம்மா?” என்று முதலில் கேட்பார். ஆமாம் என்றால் இடுப்புப் பிடிப்பு. மற்றவர்களுக்குப் பழையபடி காமாலை.

வழக்கு முதலிலிருந்து ஆரம்பித்து, எங்கள் வழக்குகள் நடக்கும் வேகத்தில் நடந்தது. நீதிபதிகள் மாறினார்கள். ஓனர் காம்ப்ளக்ஸை வேறு சந்தில் கட்டிக்கொண்டார். வழக்கை மட்டும் விடவில்லை. அம்மாள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கடையைச் சீக்கிரம் முடித்துவிட்டு டவுன் பஸ்ஸில் வந்துவிடுவார், பெயர் கூப்பிட்டதும் இங்கிருக்கறனுங்க என்பார், அடுத்த தேதியை வாங்கிக்கொண்டு போவார். ஏழைக்குக் கிடைக்கும் நீதி பெரும்பாலும் இதுதான்: வழக்கு இன்னும் முடியவில்லை என்பது. முடியாதவரை வீடு இருக்கும்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் ஒரு வாய்தா முடிந்து அறைக்கு வந்தார். மேசையில் தூக்குப் போசியை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“ஏனுங்க்கா, அந்தக் கதவுல சாணி நாத்தம் போகவே மாட்டீங்குது. எத்தனையோ தடவ கழுவிப்போட்டேன். மாட்டுச் சாளையில வெச்சிருந்தாருல்லீங்க. இதுக்கொரு கேஸு போடலாமுங்களா?”

“தாராளமாப் போடலாம். இப்ப இருக்கற கேஸு முதல்ல முடியட்டும்.”

அம்மாள் யோசித்தார். “அது முடியறப்ப நாத்தம் தானாப் போயிருமுங்க,” என்று சொல்லிவிட்டு மூடியைத் திறந்தார்.